ஸ்பானிய இலக்கணம்: ஆங்கிலேயரின் வினாக்களும் அறபு மொழியின் பங்கும்

தாய்மொழியைப் பேசுபவர் அதன் இலக்கணத்தைப் பெரும்பாலும் கவனிப்பதில்லை. வெளியிலிருந்து வந்து அம்மொழியைக் கற்பவரே ஒவ்வொரு விதியிலும் தயங்கி நின்று, ‘இது ஏன் இவ்வாறு அமைந்தது?’ எனக் கேட்கிறார். மொழிகளின் இலக்கண வரலாற்றில் இத்தகையோரின் பங்கு பெரிது. அறபு நஹ்வுக் கலையின் பேரறிஞரான சீபவைஹி பாரசீக வழிவந்தவர் என்பது நாம் அறிந்ததே.

இன்று இவ்வாறான வினாக்களை அதிகம் எதிர்கொள்ளும் மொழிகளுள் ஸ்பானிய மொழியும் ஒன்று. ஐக்கிய அமெரிக்கப் பாடசாலைகளில் மிக அதிகமாகக் கற்கப்படும் அந்நிய மொழி அதுவே. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட மாணவர் அம்மொழியைக் கற்கத் தொடங்கியதும் எழுப்பும் ஐயங்கள் பெரும்பாலும் ஒரே தன்மையானவை. ‘நீர்’ எனும் பெண்பாற் சொல்லுக்கு முன் ஆண்பாற் சுட்டு வருவது ஏன்? ‘இரு’ எனும் ஒரு வினைக்கு இரண்டு சொற்கள் எதற்கு? முன்னிலையில் ஒருவரை மரியாதையாக அழைக்கும்போது வினைச்சொல் படர்க்கையில் அமைவது எவ்வாறு? பாடநூல்கள் இவற்றுக்கு விதிகளைத் தருகின்றன. ஆனால் உண்மையான விடை வரலாற்றில் இருக்கிறது.

அவ்வரலாறு எம்மோடும் தொடர்புடையது. 711 முதல் 1492 வரை ஐபீரியத் தீபகற்பத்தில் முஸ்லிம் ஆட்சி நிலவியது. அதன் காரணமாக ஸ்பானிய மொழியில் அறபின் செல்வாக்குப் பற்றி எமது மேடைகளிலும் ஏடுகளிலும் அடிக்கடி பேசப்படுகிறது. அவற்றுள் சில கூற்றுகள் உண்மை, சில மிகை, சில முற்றிலும் தவறானவை. மறுபுறம், ஸ்பெய்னின் அறிஞர்களுள் ஒரு சாரார் அச்செல்வாக்கைச் சில பண்டப் பெயர்களுக்குள் அடக்கிவிட முயன்றதும் உண்டு. மாணவரின் எளிய வினாக்களை ஒவ்வொன்றாக எடுத்து, அறபுக்குரியது எது, உரியதல்லாதது எது என நிறுத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இலக்கணம் பிறந்த ஆண்டு

1492 ஜனவரி 2 ஆம் திகதி கர்னாதா வீழ்ந்தது. ஓகஸ்ட் 3 ஆம் திகதி கொலம்பஸின் கப்பல்கள் பாலோஸ் துறைமுகத்திலிருந்து புறப்பட்டன. அதற்குப் பதினைந்து நாட்களின் பின், ஓகஸ்ட் 18 ஆம் திகதி, ஸலமன்கா நகரில் அந்தோனியோ தெ நெப்ரிஹாவின் ‘காஸ்தீலிய மொழி இலக்கணம்’ அச்சிட்டு முடிக்கப்பட்டது. ஐரோப்பாவின் பேச்சு வழக்கு மொழியொன்றுக்கு அச்சேறிய முதல் இலக்கண நூலாக அது கருதப்படுகிறது. நெப்ரிஹா தமது முன்னுரையில், மொழியும் பேரரசும் சேர்ந்தே வளர்ந்து சேர்ந்தே தேய்கின்றன எனும் கருத்தை முன்வைத்து, நூலை இஸபெல் அரசிக்குச் சமர்ப்பித்தார்.

அம்முன்னுரையில் வரும் ஒரு நிகழ்ச்சி கவனத்துக்குரியது. இலக்கணத்தின் மாதிரியொன்றைக் கண்ட அரசி, தாம் ஏற்கனவே அறிந்த மொழிக்கு இது எதற்குப் பயன்படும் என வினவினார். நெப்ரிஹா பதில் கூறுமுன் அருகிலிருந்த ஆவிலா நகரின் ஆயர் குறுக்கிட்டார். வெற்றி கொள்ளப்படும் மக்கள் வென்றவரின் சட்டங்களை ஏற்க வேண்டியிருக்கும். அதற்கு வென்றவரின் மொழியைக் கற்க வேண்டியிருக்கும். அப்போது இந்நூல் பயன்படும் என்பது அவரது விடை. நூலின் ஐந்தாம் பகுதி இந்நோக்கத்துக்கெனவே ஒதுக்கப்பட்டுள்ளது. பிற மொழியினர் காஸ்தீலியத்தைக் கற்பதற்கான அறிமுகமாக நெப்ரிஹா அதனை எழுதினார். ஆக, அந்நிய மாணவரின் தேவை ஸ்பானிய இலக்கணம் அச்சேறிய முதல் நாளிலேயே அதனுள் இடம்பெற்றுவிட்டது.

விடையளித்த அந்த ஆயர் எர்னாந்தோ தெ தலவேரா. கர்னாதாவின் வீழ்ச்சிக்குப் பின் அந்நகரின் முதல் பேராயராக நியமிக்கப்பட்டவர் இவரே. பலவந்தத்தை விடப் போதனையையே விரும்பிய இவர், தமது குருமாரை அறபு கற்குமாறு பணித்தார். நகர முஸ்லிம்கள் இவரை ‘புனித ஃபகீஹ்’ எனும் பொருளில் அழைத்ததாகக் குறிப்புகள் உள்ளன. இவரது தூண்டுதலால் பேத்ரோ தெ அல்கலா எனும் துறவி எழுதிய அறபு இலக்கணமும் சொற்கோவையும் 1505 இல் கர்னாதாவில் அச்சேறின. அறபுச் சொற்களை உரோம எழுத்தில் தரும் அந்நூல்கள், ஏட்டு அறபை விடுத்துக் கர்னாதா மக்களின் பேச்சு அறபைப் பதிவு செய்தன. மதமாற்றப் பணிக்காக எழுதப்பட்ட அவையே இன்று அந்தலுஸிய பேச்சு அறபை அறிவதற்கான முதன்மைச் சான்றுகளுள் அடங்குகின்றன.

ஆங்கிலேயரின் வருகை

ஸ்பானிய மொழி பற்றிய வினாக்களை முதலில் எழுப்பியவர்களுள் இத்தாலியர் முக்கியமானவர்கள். 1535 அளவில் நேப்பிள்ஸ் நகரில் ஹுவான் தெ வல்தேஸ் எழுதிய ‘மொழி பற்றிய உரையாடல்’ எனும் நூல், நண்பர்களின் வினாக்களுக்கு அவர் விடையளிக்கும் முறையில் அமைந்தது. ‘அல்’, ‘அஸ்’ போன்ற அசைகளில் ஆரம்பிக்கும் சொற்களை அறபிலிருந்து வந்தவையாக அடையாளம் காணலாம் என அவர் அதில் விளக்கினார். எனினும் அந்நூல் 1737 வரை அச்சேறவில்லை.

இங்கிலாந்தில் இத்துறையைத் தொடங்கி வைத்தவர் ஸ்பெய்னிலிருந்து தப்பி வந்த ஓர் அகதி. இஷ்பீலிய்யா (ஸெவிய்யா) நகருக்கு அண்மையிலிருந்த மடமொன்றின் துறவியாயிருந்து, புரட்டஸ்தாந்துக் கருத்துகளைத் தழுவியமையால் விசாரணை மன்றத்துக்கு அஞ்சி வெளியேறிய அந்தோனியோ தெல் கொர்ரோ, 1586 இல் ஒக்ஸ்போர்டில் ஸ்பானிய, பிரெஞ்சு மொழிகளைக் கற்பதற்கான விதிகளை நூலாக வெளியிட்டார். இரண்டாண்டுகளின் பின், 1588 இல், ஸ்பானியக் கடற்படை இங்கிலாந்தை நோக்கி வந்தது. எதிரியின் மொழியை அறியும் ஆர்வம் பெருகியது. கொர்ரோவின் நூல் ஜோன் தோரியஸ் என்பவரால் ஆங்கிலமாக்கப்பட்டு 1590 இல் இலண்டனில் வெளிவந்தது. அடுத்த ஆண்டிலேயே ரிச்சர்ட் பெர்ஸிவலின் இலக்கணமும் அகராதியும், வில்லியம் ஸ்டெப்னியின் பாடநூலும் வெளியாயின. பெர்ஸிவலின் நூலை ஜோன் மின்ஷ்யூ விரிவாக்கி 1599 இல் வெளியிட்டபோது, ஸ்பானியத்தில் வழங்கும் அறபுச் சொற்களுக்குத் தனி அடையாளமிட்டுக் காட்டினார். அக்கால ஆங்கில மாணவருக்கும் ‘இச்சொற்கள் எங்கிருந்து வந்தன?’ எனும் வினா எழுந்திருந்தது என்பதற்கு இது சான்றாகும்.

இலத்தீன் விடை தரும் வினாக்கள்

மாணவரின் வினாக்களுள் பெரும்பாலானவற்றுக்கு விடை இலத்தீனில் உள்ளது. இதனை நாம் முதலில் ஏற்றுக்கொள்ள வேண்டும். ஸ்பானிய மொழியின் எலும்புக்கூடு இலத்தீன் மொழியினுடையதே.

முதலாவது, பால் வேறுபாடு. ஆங்கிலத்தில் உயிரற்ற பொருட்களுக்குப் பால் இல்லை. எனவே மேசை ஏன் பெண்பால் என ஆங்கில மாணவர் வியக்கிறார். நஹ்வு பயின்றவருக்கு இதில் வியப்பில்லை. ஆனால் அவருக்கும் ஒரு தடுமாற்றம் காத்திருக்கிறது. அறபில் சூரியன் பெண்பால், சந்திரன் ஆண்பால். ஸ்பானியத்தில் சூரியனைக் குறிக்கும் ‘ஸோல்’ ஆண்பால், சந்திரனைக் குறிக்கும் ‘லூனா’ பெண்பால். ‘ஓ’ ஈறு ஆண்பால், ‘ஆ’ ஈறு பெண்பால் எனும் பாடநூல் விதிக்கும் விலக்குகள் உண்டு. கையைக் குறிக்கும் ‘மானோ’ ‘ஓ’ ஈறு பெற்றும் பெண்பால். அதன் இலத்தீன் மூலமும் பெண்பாலே. ‘ப்ரொப்லேமா’ ‘ஆ’ ஈறு பெற்றும் ஆண்பால். ‘மா’ என முடியும் இத்தகைய கிரேக்கச் சொற்கள் மூலமொழியில் அஃறிணைப் பாலைச் சேர்ந்தவை.

‘எல் அகுவா’ எனும் தொடரே மாணவரை மிகவும் குழப்புவது. நீர் எனப் பொருள்படும் ‘அகுவா’ பெண்பாற் சொல். பெண்பாற் சுட்டாகிய ‘லா’ அதன் முன் வர வேண்டும்; வருவதோ ‘எல்’. எனினும் அதனைத் தழுவும் பெயரடை பெண்பாலிலேயே அமைகிறது. பன்மையில் ‘லாஸ்’ எனும் பெண்பாற் சுட்டே வருகிறது. இதன் விளக்கம் எளியது. இலத்தீனின் ‘இல்லா’ எனும் பெண்பாற் சுட்டு பழைய ஸ்பானியத்தில் ‘எலா’ என மாறியது. மெய்யெழுத்துக்கு முன் அதன் முதல் உயிர் தேய்ந்து ‘லா’ ஆயிற்று. உயிரெழுத்துக்கு முன் அதன் இறுதி உயிர் தேய்ந்து ‘எல்’ ஆயிற்று. பிற்காலத்தில் அழுத்தம் பெற்ற ‘அ’ ஒலிக்கு முன் மட்டும் இவ்வடிவம் நிலைத்தது. ஆகவே இங்கு வரும் ‘எல்’ ஆண்பாற் சுட்டின் தோற்றத்தைக் கொண்ட பெண்பாற் சுட்டேயாகும்.

இரண்டாவது, ‘ஸேர்’, ‘எஸ்தார்’ எனும் இரு வினைகள். இரண்டும் ‘இரு’ எனும் பொருளைத் தருவன. நிலையானதற்கு முன்னது, தற்காலிகமானதற்குப் பின்னது எனப் பல பாடநூல்கள் கூறுகின்றன. இவ்விதி விரைவிலேயே உடைந்துவிடும். மரணத்தை விட நிலையானது எது? ஆயினும் ‘இறந்தவராக இருக்கிறார்’ என்பதற்கு ‘எஸ்தார்’ வருகிறது. இளமை கடந்து செல்வது. ஆயினும் ‘இளைஞராக இருக்கிறார்’ என்பதற்கு ‘ஸேர்’ வருகிறது. வரலாறு இங்கும் துணை செய்கிறது. ‘எஸ்தார்’ இலத்தீனில் ‘நிற்றல்’ எனப் பொருள்பட்ட வினையிலிருந்து தோன்றியது. எனவே ஒருவர் அல்லது ஒரு பொருள் எங்கே, எந்நிலையில் நிற்கிறது என்பதை அது கூறுகிறது. மரணம் ஒருவர் வந்தடைந்த நிலை. ‘ஸேர்’ ஒன்றன் இயல்பையும் வகையையும் வரையறுக்கிறது. ‘லீஸ்தோ’ எனும் பெயரடை ‘ஸேர்’ உடன் வந்தால் புத்திசாலி என்றும் ‘எஸ்தார்’ உடன் வந்தால் ஆயத்தமானவர் என்றும் பொருள்படுவது இதனாலேயாகும். அறபின் பெயர் வாக்கியத்திலோ, ‘இவர் ஆசிரியர்’ எனும் தமிழ் வாக்கியத்திலோ நிகழ்காலத்தில் இவ்வினை தோன்றுவதே இல்லை. ஆகவே இது ஸ்பானியம் தனக்குள் வளர்த்துக் கொண்ட வேறுபாடு என்பது தெளிவு.

மூன்றாவது, ‘போர்’, ‘பாரா’ எனும் இடைச்சொற்கள். இலத்தீனின் ‘பெர்’, ‘ப்ரோ’ எனும் இரண்டும் கலந்து ‘போர்’ தோன்றியது. காரணம், வழி, பதிலீடு ஆகிய பொருட்கள் அதனிடம் சேர்ந்தது இதனாலாகும். இலக்கைக் குறிக்கும் ‘ஆ’ அதனோடு இணைந்து ‘போரா’ என்றாகிப் பின் ‘பாரா’ எனத் திரிந்தது. நோக்கமும் சென்றடையும் இடமும் அதற்குரியனவாயின.

நான்காவது, விருப்பத்தை உணர்த்தும் ‘குஸ்தார்’ எனும் வினை. ‘நான் புத்தகத்தை விரும்புகிறேன்’ எனும் ஆங்கில அமைப்பு ஸ்பானியத்தில் தலைகீழாகிறது. அங்கே புத்தகமே எழுவாய். தமிழ் மாணவருக்கு இது இயல்பானது; ‘எனக்குப் புத்தகம் பிடிக்கிறது’ என்றே நாமும் சொல்கிறோம். அறபின் ‘யுஃஜிபுனீ’ எனும் வழக்கும் இத்தகையதே. பழைய ஆங்கிலத்திலும் இவ்வமைப்பு இருந்தது. ஷேக்ஸ்பியரின் காலத்திலும் அதன் எச்சங்கள் வழங்கின. மூன்று மொழிகளில் ஓர் அமைப்பு ஒத்திருப்பதால் ஒன்று மற்றொன்றிடமிருந்து பெற்றது என முடிவு கட்டக்கூடாது என்பதற்கு இது நல்ல பாடமாகும்.

அறபு விடை தரும் வினாக்கள்

இனி, அறபின் துணையின்றி விடை காண இயலாத வினாக்களை நோக்குவோம்.

ஸ்பானியத்தில் ஏராளமான சொற்கள் ‘அ’ அல்லது ‘அல்’ என ஆரம்பிப்பது ஏன் என மாணவர் கேட்பதுண்டு. பருத்தி ‘அல்கொதோன்’, தலையணை ‘அல்மொஆதா’, சீனி ‘அஸூகர்’, அரிசி ‘அர்ரோஸ்’, எண்ணெய் ‘அஸெய்தெ’. இவை அறபின் அல்குத்ன், அல்மிகத்தா, அஸ்ஸுக்கர், அர்ருஸ்ஸ், அஸ்ஸைத் என்பன. முதல் இரண்டில் ‘லாம்’ ஒலிக்கிறது. பின்னைய மூன்றில் அது மறைந்து அடுத்த எழுத்தோடு ஒன்றிவிட்டது. எமது மாணவர் முதலாம் ஆண்டில் கற்கும் கமரிய்யா, ஷம்ஸிய்யா எழுத்துகளின் விதி ஸ்பானியச் சமையலறையில் இன்றும் உயிர்வாழ்கிறது. சிசிலி வழியாக அறபுச் சொற்களைப் பெற்ற இத்தாலியில் நிலைமை வேறு. அங்கே சீனி ‘ஸுக்கெரோ’, பருத்தி ‘கொதோனெ’, ‘அல்’ இல்லை. ஆகவே ஸ்பானியர் இச்சொற்களை வணிகப் பட்டியல்களிலிருந்து மட்டும் பெறவில்லை. தம்மோடு வாழ்ந்தவர்களின் வாயிலிருந்து, பேசப்பட்டவாறே, சுட்டோடு சேர்த்துப் பெற்றனர் எனக் கருத இடமுண்டு.

இதில் தஜ்வீத் கலைக்கும் ஒரு சான்று உள்ளது. நகரத் தலைவரைக் குறிக்கும் ‘அல்கால்தே’ எனும் சொல் அல்காழீ என்பதன் திரிபு. காழீ எனும் சொல்லில் ‘லாம்’ இல்லாதபோது ஸ்பானியத்தில் இரண்டாவது ‘ல்’ எங்கிருந்து வந்தது? வெள்ளை ஈயத்தைக் குறிக்கும் ‘அல்பயால்தே’ என்பதும் அல்பயாழ் என்பதிலிருந்து வந்து அதே ‘ல்’ஐக் காட்டுகிறது. ழாத் எழுத்து நாவின் பக்கவாட்டிலிருந்து பிறப்பது எனச் சீபவைஹி விவரித்துள்ளார். அவ்வொலியைக் கேட்ட ஸ்பானியரின் செவிக்கு அது ‘ல்த்’ எனப்பட்டது. மொழியியலாளர் இதனை அவ்விவரணத்துக்குரிய சான்றுகளுள் ஒன்றாகக் கொள்கின்றனர்.

அடுத்தது ‘அஸ்தா’. ‘வரை’ எனப் பொருள்படும் இவ்விடைச்சொல் அறபின் ‘ஹத்தா’வேயாகும், பழைய ஸ்பானிய ஏடுகளில் ‘ஃபாத்தா’, ‘ஹாத்தா’ எனும் வடிவங்களில் அது காணப்படுகிறது. பெயர்ச்சொற்கள் மொழிக்கு மொழி எளிதாகக் கடந்து செல்லும். ஆனால் வாக்கியத்தைக் கட்டி நிறுத்தும் இடைச்சொல் ஒன்று கடந்து செல்ல நீண்ட கால நெருக்கம் வேண்டும். எனவே நூறு பண்டப் பெயர்களை விட இவ்வொரு சொல் கனமானது.

மாணவரின் வினா இதன் இரட்டைப் பொருள் பற்றியது. ‘அஸ்தா’ என்பது ‘வரை’ என்றும் ‘கூட’ என்றும் பொருள் தரும். ‘என்னிடம் வரை வந்தார்’ எனும்போது அதன் பின் ‘மீ’ எனும் வேற்றுமை வடிவம் வருகிறது. ‘நான் கூட அறிவேன்’ எனும்போது ‘யோ’ எனும் எழுவாய் வடிவம் வருகிறது. ஒரே சொல்லின் பின் இரு வடிவங்கள் ஏன்? நஹ்வு நூல்களில் ‘மீனைத் தின்றேன், அதன் தலை வரை’ எனும் புகழ்பெற்ற உதாரணத்தைப் பயின்றவர் புன்னகை செய்வார். ‘ஹத்தா’வின் பின் வரும் தலை எனும் சொல்லை ஜர், நஸ்பு, ரஃப்உ ஆகிய மூன்று இஃராபுகளிலும் ஓதலாம், தலை உண்ணப்பட்டதா இல்லையா என்பதும் அதைப் பொறுத்து வேறுபடும். ‘மே கொமீ எல் பெஸ்காதோ அஸ்தா லா கபேஸா’ என ஸ்பானியத்தில் மொழிந்தாலும் அதே ஐயம் எழுகிறது. ஹிஜ்ரி 207 இல் மறைந்த இமாம் அல்ஃபர்ராஃ, ‘ஹத்தா’ பற்றிய மனக்குறையோடுதான் தாம் மரணிப்பதாகக் கூறினார் எனச் சொல்லப்படுகிறது. அவரது அக்குறையில் ஒரு பங்கு ஸ்பானியம் கற்போருக்கும் சென்றடைந்திருக்கிறது.

எனினும் நிதானம் அவசியம். பிரெஞ்சு மொழியில் ‘வரை’ எனப் பொருள்படும் சொல்லுக்கும் ‘கூட’ எனும் பொருள் உண்டு. அங்கே அறபின் கை இல்லை. ஆகவே ‘அஸ்தா’ எனும் சொல் அறபு என்பது உறுதி. அதன் இரட்டைப் பொருளும் அறபிலிருந்தே வந்தது என்பது சாத்தியம் மட்டுமே.

மூன்றாவது ‘ஒஹலா’. விருப்பத்தைக் கூறும் இச்சொல்லின் பின் வினைச்சொல் எப்போதும் ஐயப்பாட்டு வடிவத்தில் வரவேண்டும் என்பது விதி. ஆங்கிலத்தில் இவ்வடிவம் ஏறக்குறைய மறைந்துவிட்டதால் மாணவர் பெரிதும் இடர்ப்படுகின்றனர். அவ்வடிவம் இலத்தீனிலிருந்து வந்தது. ஆனால் அதனை வேண்டி நிற்கும் இச்சொல் அறபு. பலர் இதனை ‘இன்ஷா அல்லாஹ்’ என்பதன் திரிபு எனக் கூறுவர். அந்தலுஸிய அறபில் வழங்கிய ‘லவ் ஷா அல்லாஹ்’ என்பதே இதன் மூலம் என அறிஞர் கொள்கின்றனர். பழைய ஸ்பானியத்தில் இது ‘ஒஷலா’ என்றே ஒலித்தது. ‘ஷ’ ஒலி பின்னர் ‘ஹ’ போன்று மாறியது. போர்த்துக்கேய மொழியில் இன்றும் ‘ஒஷலா’ என்றே ஒலிக்கிறது. ‘இன்’ நிகழக்கூடியதற்கும் ‘லவ்’ நிகழாததற்கும் உரியது என்பதை அறிந்த எமக்கு இவ்வேறுபாடு சிறியதன்று.

இச்சொல்லைத் தொடரும் வினையின் காலத்தை மாற்றுவதன் மூலம் ஸ்பானியர் இரு வகை விருப்பங்களை வேறுபடுத்துகின்றனர். நிகழ்கால ஐயப்பாடு வந்தால் கைகூடக்கூடிய விருப்பம். இறந்தகால ஐயப்பாடு வந்தால் எட்டாத ஏக்கம். அறபில் ‘லஅல்ல’ எனும் தரஜ்ஜீயும் ‘லைத்த’ எனும் தமன்னீயும் செய்யும் பணியை ஏறக்குறைய இவ்விரு காலங்களும் பங்கிட்டுக் கொள்கின்றன. இந்த வேறுபாட்டைக் காட்டும் முறை இலத்தீன் வழியது. ஒரே வாக்கியத்துக்குள் அறபுச் சொல்லும் இலத்தீன் வினையும் இவ்வாறு கைகோத்து நிற்பதைக் காண்கிறோம்.

நான்காவது, ‘மர்ரோகீ’, ‘இரானீ’ போன்ற பெயரடைகள். ஏனைய பல பெயரடைகள் பாலுக்கேற்ப ஈறு மாறும்போது இவை மாறாதிருப்பது ஏன் என மாணவர் கேட்பர். இவற்றின் ஈறு எமது நிஸ்பாவின் ‘யா’ ஆகும். பெயரறியாத ஒருவரைக் குறிக்கும் ‘ஃபுலானோ’வும் எமது ‘ஃபுலான்’ என்பதே.

எமக்குரியதல்லாதவை

ஆதாரமற்ற உரிமைக் கோரல்களுள் தலையாயது ‘உஸ்தெத்’ பற்றியது. மரியாதைக்குரிய முன்னிலைப் பெயராகிய இச்சொல் ‘உஸ்தாத்’ என்பதிலிருந்து வந்தது எனச் சிலர் எழுதியும் பேசியும் வருகின்றனர். ஒலி ஒற்றுமை கவர்ச்சியானதே. ஆனால் ‘தங்கள் தயை’ எனப் பொருள்படும் ‘வுவெஸ்த்ரா மெர்ஸெத்’ எனும் தொடர் படிப்படியாகச் சுருங்கி, ‘வுஸ்தெத்’ போன்ற இடைநிலை வடிவங்களைக் கடந்து ‘உஸ்தெத்’ ஆனதை 17 ஆம் நூற்றாண்டின் ஏடுகளில் காணலாம். போர்த்துக்கேயத்தில் இதே பொருளுடைய தொடர் ‘வொஸே’ எனச் சுருங்கியது. அதற்கும் உஸ்தாதுக்கும் தொடர்பு கற்பிக்க இயலாது. ஆங்கில மாணவரின் வினாவுக்கும் இதுவே விடையளிக்கிறது. ‘தங்கள் தயை வருகிறது’ என்பதே பழைய வாக்கியம். தயை படர்க்கை, ஆகவே வினையும் படர்க்கை. ‘உஸ்தாத்’ எனும் கதையால் இவ்வினாவுக்கு விடை கூற முடியாது.

‘எல்’ எனும் சுட்டு அறபின் ‘அல்’ எனும் கூற்றும் இத்தகையதே. அதன் இலத்தீன் வழியை மேலே கண்டோம். மனிதரைச் செயப்படுபொருளாகக் கூறும்போது அவர்க்கு முன் ‘ஆ’ எனும் இடைச்சொல் வருவதை அறபின் ‘லாம்’ உடன் இணைத்துப் பேசுவோரும் உளர். அறபின் நிழல் படாத ருமேனிய மொழியிலும் மனிதச் செயப்படுபொருளுக்கு முன் ஓர் இடைச்சொல் வருகிறது என்பதை அவர்கள் கருத்திற் கொள்ள வேண்டும். ‘ஓலே’ எனும் ஆரவாரச் சொல்லை ‘வல்லாஹ்’ என்பதோடு பிணைக்கும் பிரபலமான கூற்றுக்கும் உறுதியான ஆதாரமில்லை.

வாக்கிய அமைப்பில் அறபின் செல்வாக்கே இல்லை என்றும் கூறலாகாது. 1251 இல் ‘கலீலா வதிம்னா’ காஸ்தீலியத்தில் பெயர்க்கப்பட்டது. அக்கால உரைநடையில் அறபு வாக்கியப் போக்கு எவ்வாறு படிந்தது என்பதை அல்வாரோ கல்மேஸ் தெ ஃபுவென்தெஸ் 1956 இல் வெளியிட்ட ஆய்வில் விரிவாகக் காட்டினார். எனினும் அப்போக்கில் பெரும்பகுதி மொழிபெயர்ப்பு நடையோடு நின்றுவிட்டது. ரஃபயேல் லபேஸா தமது மொழி வரலாற்றில், இடப்பெயர்களையும் வழிச்சொற்களையும் சேர்த்து 4000க்கும் மேற்பட்ட வடிவங்கள் அறபிலிருந்து வந்ததாகக் கணக்கிட்டார். டோஸியும் எங்கல்மானும் 1869 இலும், ஃபெதெரிகோ கொர்ரியெந்தே 1999 இலும் வெளியிட்ட அகராதிகள் இச்சொற்களைச் சான்றுகளோடு தொகுத்துள்ளன. உண்மையில் உள்ளதே இவ்வளவு இருக்க, இல்லாததைச் சேர்ப்பது எதற்கு?

சொல் எஞ்சியது, பேசியோர்?

தலவேராவின் மென்மையான வழி நீடிக்கவில்லை. 1499 இல் கர்தினால் ஸிஸ்னெரோஸ் கர்னாதாவுக்கு வந்தபின் கட்டாய மதமாற்றமும் அறபு நூல்களின் எரிப்பும் நிகழ்ந்தன. 1567 இல் வெளியான ஆணை, மூன்றாண்டுகளுக்குள் காஸ்தீலியத்தைக் கற்றுக்கொள்ளுமாறும் அதன்பின் அறபைப் பேசவோ எழுதவோ கூடாதென்றும் மொரிஸ்கோக்களுக்குக் கட்டளையிட்டது. வெற்றி கொள்ளப்பட்டோர் மொழியைக் கற்க வேண்டியிருக்கும் எனத் தலவேரா அரசியிடம் கூறியது இவ்வடிவில் நிறைவேறியது.

முதியவரான ஃப்ரான்சிஸ்கோ நூன்யெஸ் முலெய் இவ்வாணைக்கு எதிராகக் கர்னாதாவின் உயர் மன்றத் தலைவரிடம் விண்ணப்பமொன்றைச் சமர்ப்பித்தார். அறபு ஒரு மொழியே. கீழைத் தேயங்களிலும் மால்டாவிலும் கிறிஸ்தவர்களே அதனைப் பேசுகின்றனர் என அவர் வாதிட்டார். கிராமத்து முதியோர் எத்தனை ஆண்டுகள் முயன்றாலும் புதிய மொழியொன்றைக் கற்க இயலாது என்றும் எடுத்துரைத்தார். அது ஏற்கப்படவில்லை. 1568 இல் அல்புஹர்ராஸ் மலைகளில் கிளர்ச்சி வெடித்து 1571 வரை நீடித்தது.

காஸ்தீலியம், அறகோன் பகுதி முஸ்லிம்கள் அதற்கு முன்பே அறபை மறந்து ஸ்பானியத்தைப் பேசத் தொடங்கியிருந்தனர். அவர்கள் அம்மொழியையே அறபு எழுத்தில் எழுதினர். அல்ஹமியாதோ எனப்படும் இவ்வெழுத்து மரபு அறபுத்தமிழைக் கண்ட எமக்குப் புதிதன்று. அறபில் இல்லாத ‘ப்’ ஒலிக்கு ஷத்து இட்ட ‘பா’வையும், ‘ச்’ ஒலிக்கு ஷத்து இட்ட ‘ஜீம்’ஐயும், ‘எ’ உயிருக்கு ஃபத்ஹாவோடு அலிஃபையும் அவர்கள் பயன்படுத்தினர். தொழுகை, நோன்பு, நபிமார் வரலாறு ஆகியன பற்றி அவ்வெழுத்தில் எழுதி மறைத்து வைத்தனர்.

1609 முதல் 1614 வரை சுமார் 300,000 மொரிஸ்கோக்கள் நாடு கடத்தப்பட்டனர். அதன் நடுவே, 1611 இல், ஸெபஸ்தியான் தெ கொவர்ருபியாஸ் ஸ்பானிய மொழிக்குரிய பேரகராதியை மத்ரித் நகரில் வெளியிட்டார். அதில் நூற்றுக்கணக்கான சொற்களுக்கு அறபு மூலம் குறிப்பிடப்பட்டுள்ளது. மக்கள் துறைமுகங்களில் கப்பலேற்றப்பட்டுக் கொண்டிருந்த ஆண்டுகளிலேயே அவர்களின் சொற்கள் அகராதியில் குடியேறின. 1884 இல் அறகோனின் அல்மொனாஸித் தெ லா ஸியெர்ரா எனும் ஊரில் பழைய வீடொன்றை இடித்தபோது, மறைவிடமொன்றில் பெருந்தொகையான அல்ஹமியாதோக் கையெழுத்துப் பிரதிகள் வெளிப்பட்டன. புறப்படுமுன் அவற்றை ஒளித்து வைத்தோர் திரும்பி வரவில்லை.

முடிவுரை

மேலே நோக்கியவற்றிலிருந்து ஒரு முடிவுக்கு வரலாம். ஸ்பானிய இலக்கணத்தின் கட்டமைப்பு இலத்தீனுக்குரியது. அதன் சொல்வளத்தில் ஒரு பெரும் பகுதியும், ஓர் இடைச்சொல்லும், ஒரு விருப்பச் சொல்லும், ஓர் உறவு ஈறும் அறபின் கொடை. இதனை விடக் கூட்டுவதும் குறைப்பதும் சான்றுக்கு முரணாகும்.

இது வெறும் நூலறிவுப் பிணக்கு அன்று. ‘உஸ்தெத்’ எமது உஸ்தாத் என நாம் வற்புறுத்தினால், அதன் பிழையைக் கண்ட வாசகர் ‘அஸ்தா’ எமது ஹத்தா என்பதையும் நம்ப மறுப்பார். அவ்வாறு அவர் மறுக்கும்போது இழப்பு எமக்கு மட்டுமன்று. மொழி பறிக்கப்பட்டு, நாடும் பறிக்கப்பட்ட ஒரு மக்கள் அங்கு வாழ்ந்தமைக்குச் சாட்சியாக எஞ்சியவை இச்சொற்களே. அச்சாட்சியத்தில் கலப்படம் செய்யாதிருப்பது அறிவுத்துறையில் எமக்குள்ள அமானிதமாகும்.

எமது அறபுக் கல்லூரிகளில் நஹ்வு போதிக்கும் ஆசிரியர்கள் ஹத்தாவின் பாடத்தை நடத்தும்போது, மீனின் தலை பற்றிய உதாரணத்தின் கீழ் ஸ்பானிய வாக்கியத்தையும் கரும்பலகையில் எழுதிக் காட்டலாம். தாம் மனனம் செய்யும் விதி அந்தலுஸின் சந்தைகளிலும் வீடுகளிலும் பேசப்பட்டது என்பதையும், இன்றும் மத்ரிதிலும் மெக்ஸிகோவிலும் அதனை அறியாமலேயே மக்கள் பேசுகின்றனர் என்பதையும் மாணவர் உணர்ந்துகொள்வர். அதனோடு, ‘உஸ்தெத்’ ஏன் எமதன்று என்பதையும் அதே பலகையில் விளக்குவது நன்று.